காரிமங்கலம் மலையில ஜுராசிக் ஃபாசில் கிடைக்குமா?

(எபிசோடின் ஒலிப்பதிவைச் சற்றே சுருக்கி, படிக்க வசதியாகத் தொகுத்த எழுத்து வடிவம்)

டைனோசர் எபிசோடுக்கு அப்புறம் நிறைய வாய்ஸ் நோட் வந்தது. அதில் ஒன்றை மட்டும் நாலைந்து முறை போட்டுக் கேட்டேன். காரணம், அனுப்பினவர் எங்க ஊர்க்காரர். "அண்ணா, நம்ம காரிமங்கலம் மலையில ஏறித் தேடினா ஜுராசிக் காலத்து ஃபாசில் ஏதாவது கிடைக்குமா?"

கிடைக்காது தம்பி. ஒன்றுகூடக் கிடைக்காது. ஆனால் ஏன் கிடைக்காது என்பது ஒரு நல்ல கதை. அந்தக் கதை வழியாக ஜுராசிக் கடலில் பிறந்த ஒரு ஆளை உங்களுக்கு அறிமுகப்படுத்த முடியும். டைனோசரை விட எனக்கு இவர்தான் பிடிக்கும்.

காரிமங்கலம் தெரியாதவங்களுக்கு: பெங்களூரில் இருந்து சேலம் போகிற நெடுஞ்சாலையில், கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் நடுவில் இருக்கிற ஊர். வாரச்சந்தைக்குப் பேர் போனது. குன்றின் மேல் அருணாசலேஸ்வரர் கோயில். படி ஏறும்போது பாறையைக் கவனிச்சுப் பாருங்க, கறுப்பும் வெளுப்புமாகக் கோடு ஓடும். இந்த வட்டாரத்துப் பாறைகள் பெரும்பாலும் சுமார் 250 கோடி ஆண்டு பழையவை. பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து, அமுங்கி, வளைந்து, அப்புறம் மேல்பரப்பு தேயத் தேய வெளியே வந்தவை. அப்போது உலகத்தில் இருந்த உயிர்கள் எல்லாமே நுண்ணுயிர்கள்தான். அந்தப் பாறைக்குள் ஏதாவது மாட்டியிருந்தாலும் அந்தச் சூட்டில் தடம் மிஞ்சாது.

ஜுராசிக் காலம் சுமார் 20 கோடி ஆண்டுக்கு முன் தொடங்கி, 14.5 கோடி வாக்கில் முடிந்தது. அதாவது எங்க ஊர்ப் பாறைக்கு ஜுராசிக் என்பது நேற்று ராத்திரி மாதிரி. சரி, பாறை பழசு; அதன் மேல் ஜுராசிக் காலத்து மண் படிந்திருக்கலாமே? அதுவும் இல்லை. அப்போது தென்னிந்தியா கோண்டுவானா என்ற பெரிய கண்டத்தின் உள்பகுதி. வங்காள விரிகுடா கிடையாது. நம்ம கிழக்குக் கரை இருக்கிற பக்கம் அண்டார்டிகா ஒட்டிக்கொண்டு இருந்தது. தர்மபுரியில் நின்றால் எந்தத் திசையிலும் கடல் பக்கத்தில் இல்லை. மேடான நிலம், மழையும் காற்றும் அதைத் தேய்த்து மண்ணை வேறெங்கோ கொண்டுபோய்ச் சேர்த்தன. ஃபாசில் உருவாக மண் வந்து படியணும். இங்கே மண் போய்க்கொண்டே இருந்தது.

அதே நேரம், கடலில் ஒரு பாசி பிறந்தது. பேர் வாட்ஸ்னவேரியா பார்னெசியே. வாயில் நுழையாத பேர்தான், ஒரு தடவை சொல்லிப் பாருங்க, பழகிடும். இன்றைக்கு எபிசோட் முடியும் வரைக்கும் நான் வாட்ஸ்னவேரியா என்று மட்டும் சொல்றேன்.

இது ஒற்றைச் செல் உயிர். சூரிய ஒளியில் தனக்கு வேண்டிய உணவைத் தானே தயாரிக்கும். தண்ணீரோடு மிதந்து போகும், எதிர்த்து நீந்தாது. அப்படி மிதக்கிறவங்களுக்குத்தான் மிதவை உயிரி, பிளாங்டன் என்று பேர். இதில் விசேஷம் என்னன்னா, இந்தச் செல் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பில் தட்டு செய்து போர்த்திக்கொள்ளும். நம்ம வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்பு இல்லை, சிப்பி ஓட்டில் இருக்கிற கால்சியம் கார்பனேட். ஒவ்வொரு தட்டும் முட்டை வடிவம். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கின இரண்டு சின்னத் தட்டு, நடுவில் குட்டையான ஒரு காம்பு, இவ்வளவுதான் அமைப்பு. ஒரு தட்டின் விளிம்பு பக்கத்துத் தட்டின் இடுக்கில் போய் மாட்டிக்கொள்ளும். ஓடு வேய்ந்த மாதிரி ஒரு பந்து கிடைக்கும்.

அளவு? ஒரு தட்டின் நீளம் ஐந்து, ஆறு மைக்ரான். உங்க தலைமுடி ஒன்றின் தடிமனில் பத்துத் தட்டை வரிசையாக வைக்கலாம். இந்தத் தட்டுக்குக் காக்கோலித் என்று பேர். உயிர் போனதும் பந்து சிதறும், தட்டுகள் கடலடிக்கு மெதுவாக இறங்கிச் சேறாகும். அந்தச் சேறு இறுகினால் சாக். இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்லிடறேன்: ஸ்கூலில் நாம் எழுதின சாக்பீஸ் பெரும்பாலும் சாக் இல்லை, ஜிப்சம். பேர் மட்டும் மிச்சம்.

இதை முதலில் பார்த்தவர் கிறிஸ்டியன் எரன்பெர்க் என்ற ஜெர்மானியர், 1836இல். சாக்கை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார், குட்டித் தட்டுகள் தெரிந்தன. ஏதோ தானாக உருவான படிகம் என்று நினைத்தார். 1857இல் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் தந்திக் கம்பி போட, ஆழம் அளக்க ஒரு கப்பல் போனது. அது அள்ளி வந்த சேற்றைத் தாமஸ் ஹக்ஸ்லி பார்த்தார். அதே தட்டுகள்! காக்கோலித் என்று பேர் வைத்தவர் அவர்தான். ஆனால் அவரும் முதலில் அது உயிரின் பாகம் என்று சொல்லவில்லை. அதைச் சொன்னவர்களில் ஒருவர் ஜார்ஜ் சார்லஸ் வாலிச், கல்கத்தாவில் பிறந்தவர், இந்தியாவில் ராணுவ மருத்துவராக இருந்தவர். 1860இல் புல்டாக் என்ற கப்பலில் அட்லாண்டிக் போனபோது, தட்டுகள் சேர்ந்து முழுப் பந்தாக இருப்பதைப் பார்த்தார். பந்து முழுசாகக் கிடைத்ததும் வழக்கு முடிந்தது. படிகம் எதுவும் அப்படி ஒழுங்காக ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளாது.

நம்ம வாட்ஸ்னவேரியாவுக்கு முறையாகப் பேர் கிடைக்க இன்னும் நூறு வருஷம் ஆனது. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வரணுமே. 1959இல் மாரிஸ் பிளாக், பார்ன்ஸ் என்ற இருவர் இங்கிலாந்துச் சாக்கில் இருந்து இதை விவரித்தார்கள். பார்னெசியே என்ற பின்பாதி அந்த பார்ன்ஸ் பேரில் வந்தது. லத்தீனில் அந்த முடிவு பெண்ணுக்கு வைப்பது. 1968இல் காத்தரீனா பெர்ச்-நீல்சன் இதை இன்றைய பேரின் கீழ் கொண்டுவந்தார்.

இப்போ நம்ம நாட்டுக்கு வருவோம். ஜுராசிக் காலத்தில் கடல் இந்தியாவைத் தொட்டது மேற்கில். ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் நடுவே பிளவு விழுந்து கடல் உள்ளே வந்தது. குஜராத்தின் கச்ச் அப்போது கடலடி. இன்றைக்கு வறண்ட மேடாக நிற்கிற ஜாரா குவிமாடத்தின் படிவுகளில், 16 கோடி ஆண்டுக்கும் முந்தைய இந்த நுண்பாசிகளின் தட்டுகளை லக்னோவில் இருக்கிற பீர்பல் சாஹ்னி ஆய்வு நிறுவனத்தின் ஜோத்ஸ்னா ராய் 2003இல் பதிவு செய்திருக்கிறார். அந்தக் காலத்துக் கடல் சேறு உலகத்தில் எங்கே எடுத்தாலும் வாட்ஸ்னவேரியா குடும்பத்தின் ஆதிக்கம்தான்.

தமிழ்நாட்டுக்கு அது வர இன்னும் அஞ்சு கோடி வருஷம் காத்திருக்கணும். அண்டார்டிகா பிரிந்து விலகி, நடுவில் கடல் நுழைந்து, சுமார் 11 கோடி ஆண்டு வாக்கில் இன்றைய பெரம்பலூர், அரியலூர், திருச்சிப் பக்கம் அலை அடிக்க ஆரம்பித்தது. ஜுராசிக்கில் பிறந்த வாட்ஸ்னவேரியா, கிரிட்டேசியஸில் நம்ம கடலிலும் இருந்தது. அதற்குச் சாட்சி இருக்கிற இடம் காரிமங்கலத்தில் இருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். சேலம், ஆத்தூர் தாண்டிப் பெரம்பலூர் போய், அங்கிருந்து காரை என்ற கிராமம்.

இன்ஸ்டாவில் தமிழ்நாட்டின் கிராண்ட் கேன்யன் என்று ரீல்ஸ் பார்த்திருப்பீங்க, அதேதான். மழை அரித்து அரித்து மடிப்பு மடிப்பாக நிற்கிற களிமண் மேடுகள். காலடியில் துப்பாக்கித் தோட்டா மாதிரிக் கல் கிடக்கும். பெலம்னைட் என்று பேர், கணவாய்க்குச் சொந்தக்காரர்களின் உள் எலும்பு. வெயிலில் மினுக்குகிற தகடு ஜிப்சம். எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுப்பாங்க. ஆனால் உண்மையான கூட்டம் அந்தக் களிமண்ணுக்குள்ளே. பக்கத்தில் இருக்கிற ஊட்டத்தூர் பேரைத்தான் இந்தப் பாறைத் தொகுதிக்கே வைத்திருக்கிறார்கள், 1860களின் தொடக்கத்தில் பிளான்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயர் வைத்தது. அந்தத் தொகுதியின் காக்கோலித்களை வைத்து அடுக்குகளுக்கு வயசு குறித்து 1992இல் காலே, பன்சல்கர் இருவரும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள்.

வயசு பார்க்கிற முறை எவ்வளவு எளிமை தெரியுமா? ஒரு துளி களிமண்ணைப் பல்குத்தியால் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரோடு இழுத்துத் தேய்க்கணும். காயவைத்து மேலே சன்னமான கண்ணாடி ஒட்டி, ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்க்கணும். ஒளியைத் துருவப்படுத்தும் கண்ணாடி போட்டால், ஒவ்வொரு தட்டும் இருட்டில் பளிச்சென்று தெரியும், நடுவில் வளைந்த கறுப்புச் சிலுவை. வாட்ஸ்னவேரியாவைப் பழகினவங்க ஒரே பார்வையில் சொல்லிடுவாங்க.

இங்கேதான் எனக்கு இந்தக் கதை சுவாரஸ்யமாகிறது. ஏன் இவ்வளவு சுலபமாகக் கண்ணில் படுகிறது? நிறைய இருந்ததாலா? ஓரளவு ஆமாம். ஆனால் இன்னொரு காரணம், இதன் தட்டு தடிமன். நடுவில் ஓட்டை இல்லாததுபோல் இறுக்கமாக மூடிய அமைப்பு. லேசாகப் புளித்த தண்ணீர் பாறைக்குள் ஊறினால் மெல்லிய தட்டுள்ள இனங்கள் முதலில் கரையும். இது தாக்குப்பிடிக்கும்.

காரிமங்கலம் சந்தை முடிஞ்ச பிறகு மைதானத்துக்குப் போய்ப் பாருங்க. தக்காளி நசுங்கி மண்ணோடு போயிருக்கும், கீரையை மாடு மேய்ந்திருக்கும், தேங்காய் மட்டை மட்டும் குவிந்து கிடக்கும். வெளியூர்க்காரர் ஒருத்தர் வந்து "இந்த ஊர்ல தேங்காய் மட்டும்தான் விப்பாங்க போல"ன்னு சொன்னா எப்படி இருக்கும்? அந்த ஆபத்து இந்த ஆய்விலும் உண்டு. அதனால் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு மாதிரியில் வாட்ஸ்னவேரியா மட்டும் 40 சதவீதத்தைத் தாண்டினால் சந்தேகப்படு. அது அன்றைய கடலின் கணக்காக இல்லாமல், கரைந்தது போக மிஞ்சினதின் கணக்காக இருக்கலாம். இது கறாரான சட்டம் இல்லை, எச்சரிக்கை மணி. சில கடல்களில் நிஜமாகவே அவ்வளவு இருந்திருக்கிறது.

இந்தச் சந்தேகம் வெறும் அகடமிக் சமாச்சாரம் இல்லை. 18.3 கோடி ஆண்டுக்கு முன், வாட்ஸ்னவேரியாவின் முன்னோர்கள் வாழ்ந்த காலத்தில், பெரிய எரிமலை வெடிப்புகளால் காற்றில் கார்பன் டையாக்சைடு ஏறியது, பூமி சூடானது, கடலில் ஆக்ஸிஜன் குறைந்தது. அந்த அடுக்குகளில் காக்கோலித்கள் திடீரென்று காணாமல் போகும். அமிலமான கடலில் இந்தப் பாசிகளால் தட்டு செய்ய முடியவில்லை, அழிந்து ஒடுங்கின என்று பலர் படித்தார்கள். இன்றைய கடலுக்கும் அதுதான் நடக்கும் என்பதற்கு உதாரணமாகவும் காட்டினார்கள்.

2022இல் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஸ்வீடன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சாம் ஸ்லேட்டரும் அவரோடு வேலை செய்தவர்களும் எழுதியது. அவங்க அந்தப் பாறையில் இருந்த மகரந்தத் தூளை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாங்க. வழக்கமாக மகரந்தம் எடுக்கப் பாறையைக் கடுமையான அமிலத்தில் கரைப்பார்கள். அதில் சுண்ணாம்பு எல்லாம் போயிடும். அதனால் அங்கே போய்க் காக்கோலித் தேட யாருக்கும் தோன்றாது. ஆனால் அந்த மகரந்தத்தின் மேல் தட்டுகளின் அச்சு இருந்தது. ஈர சிமெண்ட் தரையில் நாய் நடந்தா, நாய் போனாலும் தடம் இருக்கும் பாருங்க, அது மாதிரி. தட்டு கரைந்துவிட்டது, அச்சு மட்டும் நின்றது. அவற்றுக்குப் பேய் ஃபாசில் என்றே பேர் வைத்தார்கள். இங்கிலாந்து, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து எல்லாப் பக்கத்துப் பாறையிலும் கிடைத்தன. அதாவது அந்தச் சூட்டிலும் பாசிகள் ஏராளமாக இருந்திருக்கின்றன. காணாமல் போனது உயிர் இல்லை, பதிவு.

உடனே "அப்ப கடல் சூடானா ஒண்ணும் ஆகாதுல்ல ப்ரோ" என்று கமெண்ட் போடாதீங்க. அதே கட்டுரை இன்னொன்றையும் சொல்கிறது: பாசி அளவுக்கு மீறிப் பெருகி, செத்து, அழுகும்போது ஆக்ஸிஜன் இன்னும் குறைந்து, மற்ற உயிர்கள் வாழ முடியாத கடல்பகுதி விரிந்திருக்கலாம். மிதவை உயிரி பிழைப்பதும் மீன் பிழைப்பதும் ஒன்றில்லை. அப்புறம், எல்லாப் பாசியும் ஒரே மாதிரித் தாங்குவதும் இல்லை. 12 கோடி ஆண்டுக்கு முன் நடந்த இதே மாதிரியான ஒரு சூட்டுக் காலத்தை மிலான் பல்கலைக்கழகத்தின் எலிசபெத்தா எர்பாவின் குழு 2010இல் ஆராய்ந்தது. சில இனங்களின் தட்டுகள் சின்னதாகியிருந்தன, கோணலாகியிருந்தன. வாட்ஸ்னவேரியாவில் பெரிய மாற்றம் இல்லை. இதுவும் இதன் உடல்வாகு.

இவ்வளவு சின்ன ஆளுக்கு இவ்வளவு பேச்சு ஏன் என்று கேட்டால், கார்பன். இந்தப் பாசிகள் பெருகுவதற்கு முன் சுண்ணாம்பு படிந்தது பெரும்பாலும் கரையோர ஆழமில்லாத கடலில். ஜுராசிக்கில் இருந்து இவை நடுக்கடலிலும் பரவி, ஆழ்கடலில் சுண்ணாம்பு மழை பெய்ய வைத்தன. கடலடியில் அப்படி ஒரு சேமிப்பு இருப்பதால், தண்ணீர் அமிலமானால் அந்தச் சுண்ணாம்பு மெதுவாகக் கரைந்து அமிலத்தை முறிக்கும். நெஞ்செரிச்சலுக்கு நாம் மாத்திரை சாப்பிடற மாதிரி. என்ன, இந்த மாத்திரை வேலை செய்ய ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும். நாம் நூறு, இருநூறு வருஷத்தில் விடுகிற புகைக்கு அந்த வேகம் போதாது.

இதில் நம்ம பங்கு இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் வீடு கட்டுகிறவங்களுக்கு அரியலூர் என்றாலே சிமெண்ட். அந்தச் சுண்ணாம்புக்கல் சுமார் 7 கோடி ஆண்டு பழசு. அதில் பெரும்பகுதி நம்ம பாசி இல்லை, தடித்த ஓட்டுச் சிப்பிகள். ஆனால் வேதியியல் ஒன்றுதான். சுத்தமான கால்சியம் கார்பனேட் ஒரு டன் சுட்டால் 440 கிலோ கார்பன் டையாக்சைடு வெளியே போகும், 560 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். சுடுவதற்கு எரிக்கிற நிலக்கரிக் கணக்கு தனி. சிப்பி கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன் பூட்டி வைத்ததைச் சூளை சில மணி நேரத்தில் திறந்துவிடுகிறது. அதுக்காக வீடு கட்டாதீங்கன்னு சொல்லலை, நானும் சிமெண்ட் வீட்டில்தான் உட்கார்ந்து பேசறேன்.

வாட்ஸ்னவேரியா சுமார் 10 கோடி ஆண்டு வாழ்ந்தது. மனிதன் வந்து 3 லட்சம் ஆண்டுதான் ஆகிறது. இன்றைய கடலில் அதிகமாக இருக்கிற காக்கோலித் பாசி எமிலியானியா ஹக்ஸ்லெயி. பெருகினால் கடலே பால் கலந்த மாதிரி வெளுத்து, செயற்கைக்கோள் படத்தில் தெரியும். அதுவும் ஏறக்குறைய நம்ம வயசுதான். இன்னொன்று, நாம் பார்ப்பது தட்டை மட்டும்தான். அந்த 10 கோடி வருஷத்தில் ஒரே மாதிரித் தட்டு செய்த பல இனங்கள் ஒரே பேருக்குள் ஒளிந்திருக்கலாம்.

சூட்டையும் ஆக்ஸிஜன் பஞ்சத்தையும் பார்த்த அந்த இனம் 6.6 கோடி ஆண்டுக்கு முன் விண்கல் விழுந்தபோது போனது. டைனோசரோடு சேர்ந்து. வானம் இருண்டால் ஒளியில் சமைக்கிறவருக்கு வழி ஏது? சுண்ணாம்புத் தட்டுள்ள இந்த நுண்பாசி இனங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் அப்போது அழிந்தன. எஞ்சின சிலவற்றின் வம்சம்தான் இன்றைய கடலில்.

காரைக்குப் போகப் போறவங்களுக்கு ஒன்று மட்டும். மழை பெய்த மறுநாள் போகாதீங்க, களிமண் வழுக்கும். நிழல் கிடையாது, தண்ணி எடுத்துக்கோங்க. மேட்டின் மேல் பைக் ஏத்தாதீங்க. பெலம்னைட்டைப் பையில் போட்டுக்கொண்டு வராதீங்க. அது எந்த அடுக்கில் இருந்தது என்பதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் கணக்குப் போடுகிறார்கள், இடம் மாறினால் அந்தத் தகவல் போச்சு. கையில் எடுத்துப் பாருங்க, அங்கேயே வைங்க. ஃபாசிலை நிதானமாகப் பார்க்கணும்னா அரியலூர் பக்கம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தக் கடலில் மிதந்து வந்து புதைந்த ஒரு மரத்தையே பார்க்கணும்னா சாத்தனூர் கல்மரப் பூங்கா, 18 மீட்டர் நீளத்தில் கல்லாகிக் கிடக்கிறது. காரையில் இருந்து பக்கம்தான், ஒரே நாளில் ரெண்டையும் பார்த்துடலாம்.